சிறைக் கதவு திறந்ததும் அறுந்துபோகும் சிகிச்சை

மச்சாங் லாலுங்கை அசாம் போலீஸ் கைது செய்தபோது அவருக்கு வயது 23. ஆண்டு 1951. கொடுங்காயம் விளைவித்ததாக வழக்கு. மனநலம் சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல், 'தேறிவிட்டார், விசாரணைக்கு நிற்கும் நிலையில் இருக்கிறார்' என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். உடனே அவரைக் குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு 38 ஆண்டுகள் அவருடைய வழக்கை யாரும் விசாரிக்கவில்லை. 2005-இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் அவர் வெளியே வந்தபோது வயது 77. பத்திரிகைச் செய்தி ஒன்றைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே இந்த வழக்கைக் கையிலெடுத்தது. மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடும், மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகையும் வழங்க உத்தரவிட்டது. வெளியே வந்த இரண்டே ஆண்டுகளில் லாலுங் இறந்துபோனார்.

மருத்துவமனை அவருக்கு வைத்தியம் பார்த்தது. சிறை அவரைக் காவலில் வைத்திருந்தது. நீதிமன்றத்தில் அவருடைய கோப்பும் இருந்தது. 'அவர் தேறிவிட்டார்' என்ற தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, அதன்மேல் முடிவு வாங்க வேண்டிய பொறுப்புதான் யாரிடமும் இல்லை.

அவ்வளவு நீண்ட காத்திருப்பு இன்று அபூர்வம். ஆனால் சிறைக்கும், நீதிமன்றத்துக்கும், ஊரிலுள்ள மருத்துவமனைக்கும் இடையே அன்றிருந்த அதே இடைவெளியில்தான் இன்றும் மனநோயாளிகள் விழுகிறார்கள். லாலுங்கின் காலத்தில் அவர்கள் வெளியே வர முடியாமல் தவித்தார்கள். இப்போது வெளியே வந்த கையோடு சிகிச்சையை இழக்கிறார்கள்.

எத்தனை பேர்?

பெங்களூரு பரப்பன அக்ரஹாரா மத்திய சிறையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சிறைவாசிகள் 5,024 பேரைப் பரிசோதித்தார்கள். போதைப் பழக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 79.6 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருந்தது. போதையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 27.6 சதவீதம். அதாவது, நூறு பேர் படுத்திருக்கும் ஒரு பிளாக்கில் ஏறத்தாழ 28 பேருக்கு மருத்துவ உதவி தேவை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அத்தனை சிறைகளிலும் சேர்த்து 4,36,266 பேருக்குத்தான் இடம். மாதிரிச் சிறைக் கையேடு (2016), 500 சிறைவாசிகளுக்கு ஓர் உளவியல் ஆலோசகராவது வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் நாட்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேவை. இந்திய நீதி அறிக்கை 2025 எண்ணிச் சொன்ன எண்ணிக்கை 25. உளவியலாளர்கள், மனநல மருத்துவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் இந்த 25.

இதன் விளைவு சாவுக் கணக்கில் தெரிகிறது. சிறைச் சீர்திருத்தம் பற்றி ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவ ராய் குழு, 2017 முதல் 2021 வரை சிறைகளில் நேர்ந்த இயற்கைக்கு மாறான மரணங்கள் 817 என்றும், அவற்றில் 660 தற்கொலைகள் என்றும் பதிவு செய்தது.

விடுதலை நாள் யாருக்கும் தெரியாது

சிறையில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, விசாரணைக் கைதிகள். 2022-இல் அவர்களின் எண்ணிக்கை 4,34,302. இந்தப் பிரச்சினையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. தண்டனைக் கைதி எந்த மாதம் வெளியே போவார் என்று சிறை அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரியும். விசாரணைக் கைதியின் விடுதலை நீதிமன்றத்தின் கையில். காலையில் ஜாமீன் கிடைக்கும். ஜாமீன்தாரர்களும் பத்திரங்களும் சரியாக இருந்தால் சாயங்கால லாக்-அப்புக்கு முன்பே அவர் வாசலைத் தாண்டிவிடலாம்.

அந்தச் சில மணி நேரத்தில் சிறை அலுவலகத்தில் நடப்பதைக் கவனித்தால் குறை எங்கே என்று புரியும். உத்தரவைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கிறார்கள். வேறு வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அங்க அடையாளங்களைச் சரிபார்த்துக் கையொப்பமோ கைநாட்டோ வாங்குகிறார்கள். உள்ளே வந்த அன்று வாங்கி வைத்த சட்டை, பர்ஸ், செல்போன், கணக்கில் மீதமிருக்கும் பணம் எல்லாம் எண்ணித் திரும்பக் கொடுக்கப்படுகின்றன. ஒரு கைக்கடிகாரம் காணாமல் போனால்கூட யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், அவர் ஆறு மாதமாகச் சாப்பிட்டுவந்த மாத்திரையின் பெயர் எழுதிய சீட்டுக்கு இந்த வரிசையில் பெரும்பாலும் இடமில்லை. சிறை மருத்துவருக்கே மறுநாள் ரவுண்டு வரும்போதுதான் அவர் போய்விட்டது தெரியவரும்.

மனநல மருந்துகளில் இது விளையாட்டான காரியமல்ல. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால், அடங்கியிருந்த மனவெழுச்சி நோய் வேகமாகத் திரும்பலாம். குளோனசெபம் போன்ற மாத்திரைகளை நெடுநாள் எடுத்தவர் திடீரென விட்டால் வலிப்பு வரக்கூடும். வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் இன்னும் கண்டிப்பானது. இரண்டு நாளுக்கு மேல் தவறவிட்டால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. மீண்டும் 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். ரத்தப் பரிசோதனையையும் விடாமல் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வெறுங்கையோடு வெளியே வந்தவர், ஊர் போய்ச் சேர்ந்து, திங்கட்கிழமை அரசு மருத்துவமனையைக் கண்டுபிடித்து, 'என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?' என்ற கேள்விக்கு 'ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு வெள்ளை மாத்திரை' என்று சொன்னால், மருத்துவர் எதை நம்பி எழுதுவார்?

விடுதலைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஒரு கணக்கு இருக்கிறது. 1999 முதல் 2003 வரை அங்கே சிறையிலிருந்து வெளியே வந்த 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, 2007-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. முதல் இரண்டு வாரங்களில் அவர்களுடைய மரண ஆபத்து, அதே மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு அதிகம். சாவுக்கான காரணங்களில் முதலிடம் அளவுக்கு மீறிய போதை மருந்து. சிறையில் இருந்த காலத்தில் உடல் போதைக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் அதுவே உயிரை வாங்கிவிடுகிறது. தற்கொலையும் முக்கியக் காரணங்களில் ஒன்று.

சட்டம் எங்கே நிற்கிறது?

மனநலம் குன்றியவரை, குற்றம் எதுவும் செய்யாத நிலையில், சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று ஷீலா பார்சே வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இன்னும் முன்னே போகிறது. சிறை மருத்துவர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநல சிகிச்சையிலும் அவசர சிகிச்சையிலும் பயிற்சி தர வேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைக்க வேண்டும் என்கிறது 103-ஆம் பிரிவு. நல்ல சட்டம்தான்.

ஆனால், அதே 103-ஆம் பிரிவில் ஒரு விநோதமான கட்டளையும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 'எங்கள் சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை' என்று சிறை மருத்துவர் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். கடும் நோயாளிகளைச் சிறையிலேயே தேக்கி வைக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். நடைமுறையில் இது, நோயைக் கண்டுபிடித்து எழுதும் மருத்துவரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. நாலில் ஒருவருக்கு நோய் இருக்கும் இடத்திலிருந்து 'யாருமில்லை' என்ற சான்றை எதிர்பார்த்தால், நோய் குறையாது, பதிவுதான் குறையும். பதிவில்லாத நோயாளியை வெளியே யாரிடம் ஒப்படைப்பது?

இன்னொரு ஓட்டை 98-ஆம் பிரிவில். மனநல நிலையத்திலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது அவரிடமும், அவர் நியமித்த பிரதிநிதியிடமும், குடும்பத்தாரிடமும், அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவரிடமும் கலந்து பேசித் திட்டம் போட வேண்டும் என்கிறது அது. இந்தப் பிரச்சினைக்கு அளவெடுத்துத் தைத்த பிரிவு இது. ஆனால் இது மனநல நிலையங்களுக்கு மட்டும்தான். சாதாரணச் சிறையின் மருத்துவப் பிரிவில் மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஜாமீனில் போகிறவருக்கு இப்படியொரு திட்டம் போட யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. சிறை மருத்துவம் பொதுச் சுகாதாரத் துறையோடு நெருங்கி இயங்க வேண்டும். சிகிச்சை இடையில் அறுபடக் கூடாது என்கிறது 24-ஆம் விதி. தேவையானவர்களுக்கு விடுதலைக்குப் பிறகும் மனநல சிகிச்சையும் சமூக ஆதரவும் தொடர ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 110-ஆம் விதி.

மயாமியில் ஒரு நீதிபதி செய்தது

சிகிச்சை அறுபடக் கூடாது என்பதை அமெரிக்காவின் மயாமி-டேட் கவுண்டி கற்றுக்கொண்டது பெரிய விலை கொடுத்து. தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மனநல நிறுவனம், அங்கே திரும்பத் திரும்பக் கைதாகும் 97 பேரின் ஐந்தாண்டு வரலாற்றை எடுத்துப் பார்த்தது. அவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். 97 பேரும் சேர்ந்து ஏறத்தாழ 2,200 முறை கைதாகியிருந்தார்கள். 27,000 நாட்கள் சிறையிலும், 13,000 நாட்கள் அவசர சிகிச்சை மையங்களிலும் மருத்துவமனைகளிலும் கழித்திருந்தார்கள். செலவு ஒரு கோடி டாலருக்கு மேல். யாருக்கும் நோய் தீரவில்லை.

நீதிபதி ஸ்டீவன் லீஃப்மேன் 2000-இல் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். முதல் வேலை, போலீஸைப் பழக்குவது. மெம்ஃபிஸ் நகரம் 1988-இல் உருவாக்கிய 40 மணி நேரப் பயிற்சியை ஆயிரக்கணக்கான காவலர்களுக்குக் கொடுத்தார்கள். நெருக்கடியில் இருக்கும் நோயாளியைக் கைவிலங்கு போடாமல் அமைதிப்படுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் பாடம். இரண்டாவது வேலை, சிறிய குற்றத்துக்காகச் சிறைக்கு வந்தவர்களைச் சோதித்து, நோய் இருந்தால் சில நாட்களுக்குள் சிகிச்சை மையத்துக்கு மாற்றுவது. மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் நிலைக்க வைத்தது: வெளியே வருகிறவருக்கு வீடு, மருந்து, அரசு உதவித்தொகை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து, மாதக்கணக்கில் கூடவே வரும் பணியாளர்கள். அவர்களில் சிலர், தாங்களே மனநோயிலிருந்து மீண்டவர்கள்.

சிறிய குற்றங்களில் இந்தத் திட்டத்துக்குள் வந்தவர்கள் மீண்டும் கைதாவது 75 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்குக் குறைந்தது. கைதிகள் குறைந்ததால் கவுண்டி ஒரு சிறையையே மூடியது. ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் மிச்சம்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. நார்வேயில் 1988 முதலே சிறைக்குள் வைத்தியம் பார்ப்பது உள்ளூர் நகராட்சியின் சுகாதாரப் பணியாளர்கள். இங்கிலாந்தில் 2006-இல் சிறை மருத்துவம் முழுவதும் தேசியச் சுகாதாரச் சேவையின் பொறுப்புக்கு வந்தது, இத்தாலியில் 2008-இல். சிறையில் பார்க்கிறவரும் வெளியே பார்க்கிறவரும் ஒரே துறையின் ஆட்கள் என்றால், கோப்பு கைமாறுவது எளிதாகிறது.

துறையை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் இங்கிலாந்தே காட்டியது. நியூயார்க்கில் வீடற்ற மனநோயாளிகளுக்காக உருவான ஒரு முறையை இங்கிலாந்தின் சிறைகளில் பரிசோதித்தார்கள். விடுதலைக்கு முன்பே ஒரு பணியாளர் சிறைக்கு வந்து பழகி, வெளியே வந்த முதல் வாரங்களில் கூடவே நின்று, பிறகு மெல்ல விலகிக்கொள்வார். ஆறாவது வாரத்தில், அந்த உதவி கிடைத்தவர்களில் மற்றவர்களைவிட அதிகமானோர் ஊர் மனநலக் குழுவோடு தொடர்பில் இருந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. கைபிடித்து அழைத்துச் செல்வது பலிக்கிறது; ஊரில் பிடித்துக்கொள்ள இன்னொரு கையும் வேண்டும்.

தமிழ்நாட்டில் எல்லாம் தனித்தனியாக இருக்கிறது

மனநல சேவையில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் முதன்முதலாக வந்தபோது திருச்சி அவற்றில் ஒன்று; இன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியிருக்கிறது. புழல் தொடங்கிப் பாளையங்கோட்டை வரை ஒன்பது மத்திய சிறைகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் சிறைக்குப் போய்ப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. 2022-இல் வந்த 'நட்புடன் உங்களோடு' தொலைபேசி சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆதரவின்றித் தெருவில் திரியும் மனநோயாளிகளுக்காகச் சில மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் உள்ளன.

இவற்றை இணைப்பதில்தான் சிக்கல். புழலில் இருப்பவரின் வீடு புழலில் இல்லை. அது திருவண்ணாமலையிலோ, ராமநாதபுரத்திலோ, பீகாரிலோ இருக்கலாம். சிறைக்கு வந்து பார்த்த மருத்துவர் சிறை இருக்கும் மாவட்டத்துக்காரர். நோயாளி போய்ச் சேர்வது வேறு மாவட்டம். அங்கே அவரை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டிலும் நிலைமை இலகுவல்ல. 'ஜெயிலுக்குப் போய் வந்தவன்' என்ற பேரும் 'மனநிலை சரியில்லாதவன்' என்ற பேரும் ஒரே ஆளின் தலையில் ஏறும்போது, கூடவே வந்து மருத்துவமனை வரிசையில் நிற்க ஆள் கிடைப்பதில்லை. கொஞ்ச நாளில் மருந்து நிற்கும், தூக்கம் போகும், சண்டை வரும், மறுபடியும் போலீஸ் வண்டி வரும்.

இதை அவிழ்க்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காசநோய்த் திட்டம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. காசநோயாளிக்கு 'நிக்ஷய்' எண் ஒன்று உண்டு. அவர் சிறையிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண்ணை வைத்து அங்குள்ள மையத்தில் சிகிச்சையைத் தொடரலாம். காசநோய் பிறருக்குத் தொற்றும் என்பதால் அரசு அக்கறை காட்டியது. அதே அக்கறையை மனநோயாளிக்கும் காட்டலாம்.

செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான். சிறைக்குள் வந்த முதல் சில நாட்களுக்குள் மனநலப் பரிசோதனை. விடுதலை எப்போது வரும் என்று தெரியாததால், சிகிச்சை தொடங்கும் அன்றே ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வைத்து, மருந்து மாறும்போதெல்லாம் திருத்துவது: நோய், மருந்து, அளவு, கடைசியாக ஊசி போட்ட தேதி, தற்கொலை எண்ணம் இருந்ததா என்ற குறிப்பு. ஜாமீன் உத்தரவு வந்ததும் பர்ஸோடும் செல்போனோடும் அந்தத் தாளையும், இரண்டு வாரத்துக்காவது மாத்திரையையும் கையில் கொடுப்பது. விடுதலை தேதி முன்கூட்டியே தெரிந்த தண்டனைக் கைதிக்கு, பொருத்தமாக இருந்தால், வாரக்கணக்கில் வேலை செய்யும் நெடுநாள் ஊசியைப் போட்டு அனுப்புவது. ஊரிலுள்ள மாவட்ட மனநல மருத்துவரிடம் பெயர் சொல்லி ஒப்படைப்பது. முதல் வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு.

இந்தச் சங்கிலியைக் கோக்க ஆட்களும் இருக்கிறார்கள். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறைகளில் சட்ட உதவி மையம் நடத்துவதும் அதே ஆணைக்குழுதான். யாருக்கு எப்போது ஜாமீன் கிடைக்கும் என்று முதலில் அறிகிற அதன் தன்னார்வலர்கள், சிறை மருத்துவருக்கு ஒரு வார்த்தை சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தத் தாள் மருத்துவரிடமிருந்து மருத்துவருக்குத்தான் போக வேண்டும். காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது. மனநல விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அவருடைய சம்மதம் இல்லாமல் விவரம் கைமாறினால், அடுத்த முறை உள்ளே வரும்போது அவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிறவருக்கு 98-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை, சிறையிலிருந்து வீட்டுக்குப் போகிறவருக்கும் தமிழ்நாடு அரசு தர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறைத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து பிறப்பிக்கும் ஓர் அரசாணை போதும். அதில், ஒப்படைக்கும் பொறுப்பு எந்த அதிகாரியுடையது என்று பதவியின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. சிறையில் மனநல மருந்து சாப்பிட்டுவந்த ஒருவர் உங்கள் வீட்டுக்குத் திரும்பினால், அவருடைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தன் சிகிச்சைப் பதிவுகளைப் பெறுவது 25-ஆம் பிரிவு அவருக்குத் தரும் உரிமை. மாத்திரை தீர்வதற்கு முன் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், இரவானாலும் பகலானாலும் 'நட்புடன் உங்களோடு' சேவையின் 14416 என்ற எண்ணை அழையுங்கள்; கட்டணம் இல்லை.